யானை வேலியின் பற்றரி எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுவதும் மக்கள் தோட்டத்துக்கும் வயலுக்கும் இறங்கி, ஐந்து நிமிடம் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணினார்கள். பயிரை அழிக்கும் பிராணிகள் எத்தனை என்று அறிய அரசு கேட்ட கணக்கு அது. சமூக வலைத்தளங்களில் அன்று முழுவதும் பகிடிக்குக் குறைவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் வேறொன்றையும் எண்ணியிருக்கலாம். இந்த நாட்டில் நாலாயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான யானை மின்வேலி இருக்கிறது. அந்த வேலிகளின் அடியில், தகரப் பெட்டிகளுக்குள் இருக்கும் பற்றரிகளில் எத்தனை அன்று உயிரோடு இருந்தன என்ற கணக்குத்தான் அது.

வேலி என்றால் அரசியல்வாதிக்குக் கிலோமீற்றர். எத்தனை கிலோமீற்றர் போட்டோம், இன்னும் எத்தனை போடப்போகிறோம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். யானைக்குக் கிலோமீற்றர் தெரியாது. கம்பியில் மின் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அதற்குத் தெரியும். அந்த மின் ஒரு பற்றரியில் இருந்து வருகிறது. பற்றரி செத்த இரவில் நூறு கிலோமீற்றர் வேலியும் உடுப்புக் காயப்போடும் கொடிக்குச் சமம்.

இதைப் பேச வில்கமுவவை விட்டால் பொருத்தமான இடம் இல்லை. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வஸ்கமுவ தேசியப் பூங்காவை ஒட்டிக் கிடக்கும் பிரதேச செயலாளர் பிரிவு அது. கிழக்கே மகாவலி, மேற்கே அம்பன் கங்கை என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள காட்டை 1984இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மகாவலி அபிவிருத்தித் திட்டம் காடுகளை வயலாக்கிக்கொண்டிருந்த காலம் அது. இடம்பெயரும் விலங்குகளுக்கு ஒரு ஒதுக்கிடம் வேண்டும் என்பது அன்றைய கணக்கு. விலங்குகளும் இடம்பெயர்ந்தவைதான் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்தவர்கள் காட்டிய இடத்தில் இருந்துவிடுவதில்லை, பழைய பாதையைத் தேடி வருவார்கள் என்பதையும் விளக்கத் தேவையில்லை.

வில்கமுவவில் வாழ்பவர்கள் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். நெல், சோளம், வாழை, தென்னை என்று யானை விரும்பும் எல்லாம் அங்கே விளைகிறது. இருட்டியபின் வீதியில் தனியே நடக்க முடியாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதையே யானை கடக்கும் பாதை. இந்தப் பகுதியில்தான் இலங்கை வனஜீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் என்ற அரசசார்பற்ற அமைப்பு 1990களின் பிற்பகுதியிலிருந்து வேலை செய்துவருகிறது. யானையை வேலிக்குள் அடைக்காமல் ஊரையும் வயலையும் வேலிக்குள் வைப்போம் என்பது அவர்களது யோசனை. புஸ்ஸெல்லாயாய போன்ற கிராமங்களில் சூரிய சக்தியில் இயங்கும் வேலியை அமைத்து, பராமரிப்பைக் கிராம மக்களிடமே கொடுத்தார்கள். 2008இல் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் ஈக்குவேற்றர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. யானை தோடைச் சாதியை விரும்பாது என்று கண்டு, வீட்டைச் சுற்றித் தோடை மரம் நடும் திட்டத்தையும் அங்கேதான் நடத்தினார்கள். தோடை மரத்துக்குப் பற்றரி தேவையில்லை. அது காய்க்கும், விற்கலாம். ஆனால் அது காய்க்கச் சில வருடங்கள் எடுக்கும், யானை இன்றிரவே வரும்.

இந்த வேலி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அது ஏன் சாகிறது என்பது விளங்கும். சோலர் பனல் பகலில் 12 வோல்ட் பற்றரியை ஏற்றுகிறது. பற்றரியிலிருந்து எனர்ஜைசர் என்ற பெட்டி மின்னை எடுத்துச் சேமித்து, ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒருமுறை, பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் கம்பிக்குள் தட்டிவிடுகிறது. ஒவ்வொரு தட்டும் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிப்பதில்லை. அதனால்தான் அது சுள்ளென்று வலிக்கும், ஆனால் கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பவர்களின் வேலிதான் கொல்கிறது. யானையையும் கொல்லும், விடியப்புறம் மாடு அவிழ்க்கப் போன பக்கத்து வீட்டுக்காரரையும் கொல்லும். இரண்டையும் மின்வேலி என்ற ஒரே சொல்லால் செய்தியில் எழுதுவதை நாம் ஊடகக்காரர்கள் முதலில் நிறுத்த வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நடுத்தர அளவு எனர்ஜைசர் ஒன்று பற்றரியிலிருந்து 0.6 அம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் அது 14 அம்பியர்-மணிக்குச் சற்று மேல். பற்றரியின் மேல் 100 என்று எழுதியிருந்தாலும், ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் தேயும். ஆகவே கைவசம் இருப்பது 50. வெயில் இல்லாமல் மூன்றரை நாள் தாங்கும். கேட்க நல்ல கணக்குத்தான். ஆனால் இது புதுப் பற்றரிக்கும் சுத்தமான வேலிக்கும் போட்ட கணக்கு. கம்பியில் ஒரு கொடி ஏறினால் மின் அதன் வழியாக மண்ணுக்குள் ஒழுகும். பல இடங்களில் கொடி ஏறினால் கம்பியின் அழுத்தம் விழும். எனர்ஜைசர் தட்டிக்கொண்டே இருக்கும், பற்றரியும் செலவாகிக்கொண்டே இருக்கும், தூரக் கம்பியில் யானைக்குக் கூச்சம்கூட வராது.

இனிக் காலத்தைப் பாருங்கள். பெரும்போகம் ஒக்டோபர், நவம்பரில் விதைக்கப்படுகிறது. வடகீழ்ப் பருவமழையில் வேலியோரப் புல்லும் கொடியும் ஆள் உயரத்துக்கு எழும்பும். அதே மழைமேகம் சோலர் பனலுக்கு வரும் வெயிலை மறைக்கும். மார்கழி, தையில் கதிர் வெளிவந்து பால் பிடிக்கும்போது அந்த மணம் காட்டுக்குள் போகும். ஆகப் பற்றரிக்கு வரவு குறைந்து, செலவு கூடி, யானையின் ஆசையும் உச்சத்தில் இருக்கும் வாரங்கள் ஒன்றாகவே வருகின்றன. கோடையில் எல்லா வேலியும் நன்றாக வேலை செய்யும். திறப்பு விழாவுக்கும் கோடைதான் வசதி.

வெப்பம் அடுத்த எதிரி. ஈயப் பற்றரியின் ஆயுளை 25 பாகை செல்சியஸை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. உலர் வலயத்தில் வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் என்ன பற்றரி என்பது இன்னொரு கதை. வாகனம் ஸ்ராட் பண்ணும் பற்றரி ஒரு நொடி பலமாக உதைத்துவிட்டு ஓய்வெடுக்கச் செய்யப்பட்டது. வேலிக்குத் தேவை மெதுவாக, நெடுநேரம், இரவுக்கிரவு கொடுக்கும் டீப் சைக்கிள் பற்றரி. அதன் விலை கூட. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் ஏறியபோது எல்லா இறக்குமதிப் பொருளும் போல அதுவும் எட்டாத உயரத்துக்குப் போனது. விவசாயி லொறியின் பழைய பற்றரியைக் கழற்றி வேலிக்குப் போடுவார். அது ஒரு போகம் தாண்டினால் அதிர்ஷ்டம். நல்ல பற்றரி போட்டாலும் பனலோடு சேர்த்துக் களவு போவதும் உண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போய்வரலாம். சூரிச்சிலும் லண்டனிலும் டோட்முண்டிலும் இருக்கும் எமது உறவுகளின் வீட்டு ரேடியேற்றர்களில் இப்போது ஸ்மார்ட் தேர்மோஸ்ரற் என்ற திருகி ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. எங்கட ஆட்கள் ஹீற்றர் என்றுதான் சொல்வார்கள். கைத்தொலைபேசியில் அழுத்தினால் அது தானே சுழன்று சூட்டைக் கூட்டும், குறைக்கும். அதற்குள் இருப்பது இரண்டு ஏஏ பற்றரி. அநேகமாக ஒரு வருடம், சில வகைகளில் இரண்டு வருடம் ஓடும். மார்கழிக் குளிரில் அது இறந்துவிட்டால் பெரிய குறை. அடிக்கடி சூட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் சிறு மோட்டார் பற்றரியைச் சாப்பிடும். வைஃபையில் நேரே பேசும் வகை, குறைந்த சக்தி வானலையில் பேசும் வகையைவிடச் சீக்கிரம் தீர்க்கும். வால்வின் ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தால் மோட்டார் இன்னும் மாய வேண்டும். திரும்ப ஏற்றக்கூடிய பற்றரியைப் போட்டால் அதன் 1.2 வோல்ட்டைப் பார்த்து, பற்றரி முடிகிறது என்று கருவி முதல்நாளே புலம்பும்.

அந்த இரண்டு பற்றரிகளில் இருக்கும் மொத்தச் சக்தி ஏறத்தாழ 7.5 வாட்-மணி. ஒரு வருடத்துக்கு அது போதும். மேலே சொன்ன யானை வேலி அதே 7.5 வாட்-மணியை ஒரு மணித்தியாலத்தில் குடித்துவிடும். இரண்டும் செய்யும் வேலையின் வித்தியாசம் அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. ரேடியேற்றர்க் கருவி சாகப் போகிறது என்றால் வாரக் கணக்கில் முன்கூட்டியே தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். பல கருவிகள் கடைசிச் சொட்டுச் சக்தியில் வால்வைக் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டே உறங்கும், வீட்டுக் குழாய் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக. தான் செத்தாலும் வீட்டுக்காரருக்கு ஆபத்து வராமல் சாக அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வில்கமுவவின் வேலி சத்தமில்லாமல் சாகும். அது செத்ததை முதலில் கண்டுபிடிப்பது யானை.

இது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. மின்வேலி யானையைத் தடுக்கும் சுவர் அல்ல, யானையின் மனதில் போட்ட வேலி. அந்தப் பருமனுள்ள பிராணிக்கு அந்தக் கம்பி நூல் மாதிரி. ஒருமுறை வாங்கிய அடியின் நினைவுதான் அதை நிறுத்துகிறது. ஆனால் யானை, குறிப்பாகத் தனியே திரியும் ஆண் யானை, வேலியைச் சோதித்துப் பார்க்கும். மரக்கிளையைத் தள்ளிக் கம்பியில் விழுத்தும், காலால் தூணைச் சாய்க்கும். நாலு நாள் மின் இல்லாத வேலி அதற்கு ஒரு பாடம். அதன்பிறகு மின் வந்தாலும் பழைய பயம் முழுதாகத் திரும்பாது. ஆகவே பற்றரி நாலு நாள் செத்துக் கிடந்தால் நட்டம் நாலு நாளோடு நிற்பதில்லை.

வேலி செத்தால் தெரியவைக்கும் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. கம்பியின் அழுத்தம் விழுந்தால் குறுஞ்செய்தி அனுப்பும் கருவிகள் உலகில் பல மாட்டுப் பண்ணைகளில் இருக்கின்றன. யானையின் கழுத்தில் பூட்டும் ஜி.பி.எஸ். பட்டிகள் இலங்கையிலேயே பாவனையில் உள்ளன. அவற்றுக்கும் பற்றரிதான் உயிர். மணிக்கொருமுறை இடத்தைச் சொல்லச் சொன்னால் சீக்கிரம் தீரும், நாளுக்குச் சிலமுறை என்றால் வருடக்கணக்கில் போகும். தீர்ந்தால் ஏஏ பற்றரி மாற்றுவது போல மாற்ற முடியாது, யானையை மயக்க ஊசி போட்டுப் படுக்கவைக்க வேண்டும்.

அந்தப் பட்டிகள் தந்த தகவல்தான் வேலி அரசியலையே கேள்விக்குள்ளாக்கியது. கலாநிதி பிருத்திவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் செய்த ஆய்வுகளின்படி இலங்கையின் நிலப்பரப்பில் 60 வீதமளவில் யானை நடமாடுகிறது. அந்தப் பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதர்களும் வாழ்கிறார்கள். யானை காட்டுக்குள், மனிதன் காட்டுக்கு வெளியே என்ற கோடு வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் வேலிகள் நெடுங்காலமாக அந்தக் கோட்டில்தான் போடப்பட்டன. வனஜீவராசிகள் திணைக்களத்தின் காடு முடியும் இடத்தில் வேலி. அதற்கு அப்பால் வனத் திணைக்களத்தின் காடு. இரண்டு பக்கமும் யானை. ஊர் எங்கோ தூரத்தில். அப்படிப்பட்ட வேலியின் பற்றரிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? யாருடைய வயலும் அதன் பின்னால் இல்லை.

2020இல் அதே பெர்னாண்டோவின் தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு, யானை மனித மோதலுக்கான தேசிய செயற்திட்டத்தை அந்த வருட இறுதியில் கையளித்தது. ஊரைச் சுற்றி நிரந்தர வேலி, வயலைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் வேலி, இரண்டையும் பயன்பெறும் மக்களே பராமரிப்பது என்பது அதன் சாரம். அறுவடை முடிந்ததும் வயல் வேலியைக் கழற்றிவிட்டால் யானை தாள் மேய்ந்துவிட்டுப் போகும். இன்றுவரை அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2023இல் மட்டும் 450க்கும் அதிகமான யானைகளும் 170க்கும் அதிகமான மனிதர்களும் செத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த யானைகளே 5,879தான். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து போன மீனகயா புகையிரதம் ஹபரணைக்கு அருகே மோதி ஆறு யானைகள் செத்தபோது நாடே பதறியது. பதற்றத்துக்கு ஒரு வார ஆயுள்.

வில்கமுவவின் பற்றரியில் வவுனியா வடக்குக்கும் துணுக்காய்க்கும் மடுவுக்கும் படுவான்கரைக்கும் என்ன அக்கறை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. போர்க்காலத்தில் மக்கள் விட்டுப்போன வயல்களில் இருபது, இருபத்தைந்து வருடத்தில் காடு வளர்ந்தது. யானைகள் அதைத் தமது வீடாக்கிக்கொண்டன. 2009க்குப் பிறகு மீள்குடியேறியவர்கள் திரும்பிப் போனது யானையின் வீட்டுக்குள். அதற்குள் எல்லைக்கல் நட்டு, இது ஒதுக்குக் காடு என்று திணைக்களங்கள் சொல்லத் தொடங்கின. 2015இல் சுண்டிக்குளமும் மடு வீதியும் தேசியப் பூங்காக்களாகின. ஒரு பக்கம் கல், மறுபக்கம் யானை. கணவனை இழந்த பெண்கள் குடும்பத் தலைவிகளாக இருக்கும் ஊர்களில் இரவுக் காவலுக்குப் பரணில் ஏறுவது யார் என்ற கேள்விக்கு எந்த வேலித் திட்டத்திலும் பதில் இல்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. யானை வேலிப் பராமரிப்புக்கு அரசு பல இடங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆட்களை அனுப்புகிறது. இந்தத் திணைக்களம் போர்க்கால ஊர்காவல் படையிலிருந்து 2006இல் உருவானது. வன்னியில் பண்ணை நடத்தியதும் முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுத்ததும் இதே திணைக்களம்தான். தெற்கில் ஊர்காவல் படையில் இருந்த பெடியன் தன் ஊர் வேலியில் புல் வெட்டுவது இயல்பான மாற்றம். எமது ஊரில் சீருடைக்காரர் வேலிக்குக் காவல் நிற்பது வேறு அர்த்தம் தரும். வேலி வேண்டும் என்று கேட்கும்போது அதை யாரிடம் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. புஸ்ஸெல்லாயாயவில் மக்கள் கையில் வேலி இருந்தது. அந்த ஏற்பாட்டைத்தான் வடக்கு கிழக்கின் கமக்கார அமைப்புகள் போய்ப் பார்க்க வேண்டும், கம்பியை அல்ல.

பற்றரியைப் பராமரிப்பது எப்படி என்று வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்பது வேறு விடயம். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. கண்ணிவெடிக்குப் பயன்படும் என்பது அரசு சொன்ன காரணம். 2002 ஜனவரியில் தடை எடுபடும்வரை ஒரு ரோச் பற்றரி என்பது எமது வீடுகளில் நகை போல. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணித்தியாலம் பிழிந்தெடுத்தோம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவின் மின்னில் ஊரே கூடி பிபிசி தமிழோசை கேட்டது. சுழற்றுகிறவர் களைத்தால் செய்தி மங்கும். ஒரு சமூகமே மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலவழித்த காலம் அது. அந்தக் கைத்திறன் தலைமுறையோடு போய்விடவில்லை. ஆனால் இன்றைய வேலித் திட்டங்களில் மக்களுக்குக் கிடைப்பது பூட்டுப்போட்ட பெட்டி. திறப்பு அலுவலகத்தில், அலுவலகம் நாற்பது கிலோமீற்றரில்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் யானை வேலி பற்றிய பேச்சு வராத மாதம் குறைவு. அங்கே கேட்கவேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. போடப்போகும் பற்றரி என்ன வகை, அதை மாற்றும் செலவு எந்த வருட ஒதுக்கீட்டில் இருக்கிறது, மாரியில் புல் வெட்டும் கூலி யாருக்கு, கம்பியின் அழுத்தத்தைத் தினமும் அளந்து எழுதும் புத்தகம் யாரிடம். கம்பிக்கும் தூணுக்கும் மதிப்பீடு போடுபவர்கள் மூன்றாம் வருடப் பற்றரிக்குப் போடுவதில்லை. லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, முதல் விலைதான் கூட. பத்து வருடக் கணக்கில் எது மலிவு என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க ஒரு கணக்காளர் போதும். ஆனால் கேள்விக்கோரல் பத்திரங்கள் பத்து வருடத்தைப் பார்ப்பதில்லை, குறைந்த விலையைத்தான் பார்க்கின்றன.

போகத்து வேலி போடுபவர்களுக்கு ஒரு சின்ன விடயம். அறுவடை முடிந்து வேலியைக் கழற்றியபின் பற்றரி வீட்டு மூலைக்குப் போகும். ஐந்தாறு மாதம் ஏற்றாமல் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேற்றுப் படிந்து அது வேலை செய்யாமலே சாகும். யானை வேலிப் பற்றரிகளில் வயலில் செத்தவற்றைப் போல வீட்டில் செத்தவையும் உண்டு. சோலர் பனலை முற்றத்தில் வைத்து வாரத்தில் ஒருநாள் ஏற்றினாலே போதும். திறந்து ஊற்றக்கூடிய வகை என்றால் வடிநீர் மட்டம் பார்க்க வேண்டும், கிணற்றுத் தண்ணீர் ஆகாது. ஏற்றிய பற்றரியைச் சில மணித்தியாலம் ஓயவிட்டு மல்ரிமீற்றரால் அளந்தால் 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. முழுநாள் ஏற்றியும் 12க்குக் கீழேயே நிற்கிறது என்றால், ஒக்டோபர் விதைப்புக்கு முன்னர் வேறு பற்றரி தேட வேண்டும்.